அறை காலி, நினைவகம் காலியில்லை: ஜாவாஸ்கிரிப்டில் எதை யார் பிடித்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது எப்படி

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் இருக்கிற லாட்ஜுகளில், வரவேற்பு மேசைக் கணினியை யாரும் அணைப்பதில்லை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், திரிபுரா, வங்கதேசம் என்று வைத்தியத்துக்கு வருகிறவர்கள் காட்பாடியில் எந்த நேரத்து ரயிலில் இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் இரவுப் பணியாள் காலைப் பணியாளிடம் சாவிக்கொத்தை ஒப்படைக்கும்போது, திறந்து கிடக்கும் பிரவுசர் பக்கத்தையும் சேர்த்தே ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அப்படிப்பட்ட லாட்ஜுகளுக்குத்தான் நான் மென்பொருள் எழுதுகிறேன். இரண்டு நிமிடம் திறந்து மூடும் பக்கத்தை எழுதுகிறவருக்கு இந்தக் குறிப்புகள் அவசியமில்லை. வாரக்கணக்கில் மூடாமல் கிடக்கும் பக்கத்தை எழுதுகிறவர் தொடர்ந்து படிக்கலாம்.

அந்தப் பக்கம் நான்காம் நாள் நொண்டத் தொடங்கும். ஆறாம் நாள் அறை எண்ணைத் தட்டினால், எழுத்து திரையில் வருவதற்குள் விருந்தினர் பெட்டியைக் கீழே வைத்துவிடுவார். மேலாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "தம்பி, எஃப் ஐந்தை அமுக்கினால் சரியாகிவிடுகிறது. அப்புறம் என்ன?" என்பார்கள். பாதி தட்டிய பில் அதோடு போய்விடும் என்பதுதான் அப்புறம். எஃப் ஐந்து பக்கத்தையே கொன்று புதிதாகப் பிறக்க வைக்கிறது, அதனால்தான் சரியாகிறது. நோய் உள்ளே அப்படியே இருக்கிறது: வேலை முடிந்த பொருள்களை யாரோ விடாமல் பிடித்திருப்பதால் நினைவகம் நிரம்பிக்கொண்டே போகிறது. நினைவகக் கசிவு என்பது இதைத்தான்.

பெயரின் வரம்பும் பொருளின் ஆயுளும்

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல். ஸ்கோப் என்கிற வரம்பு, பெயரைப் பற்றியது: இந்தப் பெயரை நிரலில் எந்த இடத்திலிருந்து கூப்பிடலாம் என்பது. அது எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஆயுள், அந்தப் பெயர் சுட்டும் பொருளைப் பற்றியது. அது நிரல் ஓடும்போது முடிவாகிறது. அடைப்புக்குறி மூடியதும் பெயர் கண்ணுக்கு மறைகிறது. பொருள் மறைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதலில் வரம்பை முடித்துவிடுவோம். 1995இல் பிரெண்டன் ஐக் இந்த மொழியை எழுதியபோது மாறியை அறிவிக்க 'வார்' மட்டும்தான் இருந்தது. அதன் வரம்பு ஃபங்ஷன் முழுவதும். நடுவில் எத்தனை அடைப்புக்குறி போட்டாலும் அது மதிக்காது. 2015இல்தான் 'லெட்', 'கான்ஸ்ட்' இரண்டும் மொழிக்குள் வந்தன. அவை அடைப்புக்குறியை மதிக்கின்றன. இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும், எனக்கு முன்னால் அந்த நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகவரிப் பட்டியலில் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். சுற்றுக்கு (லூப்) வெளியே 'மாவட்டம்' என்ற வார் மாறி, மதிப்பு வேலூர். சுற்றுக்குள் ஊர் அரக்கோணமாக இருந்தால் அதே பெயரில் இன்னொரு வார், மதிப்பு ராணிப்பேட்டை. அவர் நினைத்தது இரண்டு மாறி. ஜாவாஸ்கிரிப்ட் பார்த்தது ஒன்றே ஒன்று. அரக்கோணத்துக்காரருக்கு அடுத்து வந்த குடியாத்தத்துக்காரரும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே, வாணியம்பாடிக்காரர் ஒருவர் வந்து எல்லோரையும் திருப்பத்தூருக்குக் கொண்டுபோகும்வரை.

தீர்வு எளிது. சுற்றின் உடலுக்குள் முதல் வரியிலேயே லெட் போட்டு மாவட்டத்தை வேலூர் என்று அறிவித்துவிட்டு, பிறகு நிபந்தனையில் மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி பிறக்கும். வாரை இனி எழுதாதீர்கள். பழைய நிரலில் கண்டால் அந்த ஃபங்ஷனை முழுதாகப் படித்த பிறகு மாற்றுங்கள். அறிவிக்காமலே ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுப்பதும் ஒரு வழக்கமாக இருந்தது. கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இல்லாத நிரலில் அது பக்கம் முழுவதற்கும் பொதுவான மாறியாகி, பக்கம் மூடும்வரை சாகாது. மாட்யூலாக எழுதினால் பிழை என்று அங்கேயே நின்றுவிடும்.

யாரை விட்டுவைப்பது, யாரைக் கூட்டித் தள்ளுவது

பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து தானாக அகற்றும் குப்பை சேகரிப்பானுக்கு உங்கள் மனத்தில் இருப்பது தெரியாது. 'இந்தப் பொருள் இனித் தேவையா' என்று அது கேட்பதில்லை. 'இதை இனி யாராலாவது எட்ட முடியுமா' என்று மட்டும் கேட்கிறது. சில வேர்களிலிருந்து தொடங்குகிறது: பக்கத்தின் பொது ஆப்ஜெக்ட், இந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் மாறிகள், காத்திருக்கும் டைமர்கள், திரையில் இருக்கும் ஆவணம். அங்கிருந்து ஒவ்வொரு பிடியாகத் தொடர்ந்து போய், எட்டியதையெல்லாம் குறித்துக்கொள்கிறது. குறி விழாதது குப்பை. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1960இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் யோசனைதான் இது. நுட்பம் வளர்ந்திருக்கிறது, கேள்வி மாறவில்லை.

வேலைக்கு நேர்காணல் செய்யும்போது, "இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றையொன்று சுட்டினால் நினைவகம் கசியும்" என்று இன்னமும் பலர் ஒப்பிக்கிறார்கள். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை மட்டும் வைத்திருந்த காலத்துக் கதை அது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல், திரையின் பாகங்களும் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டுகளும் ஒன்றையொன்று சுட்டினால் உண்மையிலேயே கசிந்தது. இன்றைய சேகரிப்பான் வேரிலிருந்து நடந்து பார்ப்பதால், வேரோடு தொடர்பில்லாத இரண்டு பேர் கைகோத்து நின்றாலும் சேர்த்தே போய்விடுவார்கள்.

இன்னொரு வீண் பயம், சுற்றுக்குள் சின்னச் சின்ன ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்குவது. குரோமிலும், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலும் இருக்கும் வி8 எஞ்சின், புதிதாகப் பிறந்தவற்றைத் தனி இடத்தில் வைத்து அடிக்கடி பெருக்குகிறது. அங்கே உயிரோடு இருப்பவற்றை மட்டும் நகர்த்துவதால், செத்தவை எத்தனை என்பது பெரிய செலவில்லை. இரண்டு முறை தப்பியவை முதியோர் பகுதிக்குப் போகின்றன. அந்தப் பகுதியைப் பெருக்குவதுதான் கனமான வேலை. ஆக, உடனே பிறந்து உடனே சாகும் பொருள்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சாகவேண்டிய நேரத்தில் சாகாமல் முதியோர் பகுதியில் போய் உட்கார்ந்துவிடுபவற்றைத்தான் தேட வேண்டும்.

சேகரிப்பான் எப்போது ஓடும் என்று மொழியின் விதி எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஃபங்ஷன் முடிந்த அந்த நொடியே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'டெலீட்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம்: அது ஆப்ஜெக்ட்டிலிருந்து ஒரு பண்பை நீக்குகிறது, அவ்வளவுதான். அந்தப் பண்பு சுட்டிய பொருளை வேறு யாரும் பிடித்திருந்தால் அது அப்படியே இருக்கும். ஃபங்ஷனின் கடைசி வரியில் உள் மாறிகளுக்கெல்லாம் 'நல்' என்ற வெற்று மதிப்பைக் கொடுப்பது வெறும் சடங்கு. அவற்றை வேறு யாரும் பிடிக்கவில்லை என்றால் தாமாகவே போய்விடும், பிடித்திருந்தால்தான் பேச்சே.

பாஸ்போர்ட் படம் எங்கே ஒளிந்திருந்தது

இனி குளோஷர். உள்ளே பிறந்த ஃபங்ஷன், தான் பிறந்த இடத்தின் மாறிகளை விடாமல் வைத்திருக்கும் என்பதை எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். எவ்வளவு வைத்திருக்கும் என்பதைச் சொல்வது குறைவு.

வங்கதேசத்திலிருந்து வருகிறவர் என்றால், வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் விவரப் படிவத்தை லாட்ஜ் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்காகப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பணியாள் கைபேசியில் படம் எடுத்துக் கணினிக்கு அனுப்புகிறார். 4000க்கு 3000 அளவுள்ள படம். அதைச் சிறிதாக்குவதற்காகப் பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில் வரைந்து பிக்சல்களை எடுத்தால், பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் 48 எம்பி. இதெல்லாம் 'அறையில் சேர்' என்ற ஒரே ஃபங்ஷனுக்குள் நடந்தது. அதன் மாறிகளில் இரண்டைப் பாருங்கள்: 'பிக்சல்கள்', 'அறைஎண்'. (பெயர்களைத் தமிழிலேயே வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது, அதன் பயன் பின்னால் வரும்.) உள்ளே இரண்டு சிறு ஃபங்ஷன்கள். ஒன்று முன்னோட்டப் பொத்தானுக்கு. அது பிக்சல்களைப் பயன்படுத்துகிறது. மற்றது, தங்கும் நேரம் முடியப்போகிறது என்று எச்சரிக்கும் டைமருக்கு. அதற்கு அறைஎண் மட்டும் போதும்.

படிவத்தை மூடியதும் முன்னோட்டப் பொத்தான் போய்விட்டது, அதனுடைய ஃபங்ஷனும் போய்விட்டது. டைமர் விருந்தினர் காலி செய்யும்வரை ஓட வேண்டும். ரேடியேஷனுக்கு வந்தவர் என்றால் அது மாதத்தைத் தாண்டும். டைமருக்கும் பிக்சல்களுக்கும் எழுத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் 48 எம்பி அப்படியே நின்றது.

காரணம் இதுதான். ஒரு வரம்பின் மாறிகளில் எவற்றை உள் ஃபங்ஷன்கள் தொடுகின்றனவோ, அவை எல்லாவற்றையும் வி8 ஒரே பெட்டியில் போடுகிறது. அங்கே பிறந்த உள் ஃபங்ஷன்கள் அத்தனையும் அந்தப் பெட்டி முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன. தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி கொடுத்த அறை மாதிரி: ஒருவர் சாவியைத் திருப்பித் தந்துவிட்டார், மற்றவர் தரவில்லை, அறையை வேறு யாருக்கும் விட முடியாது. முன்னோட்ட ஃபங்ஷன் ஒருமுறை தொட்டதால் பிக்சல்கள் பெட்டிக்குள் போயின. டைமர் அந்தப் பெட்டியை விடவில்லை. முப்பது அறையிலும் இப்படி ஒரு படம் நின்றால் 1,440 எம்பி. வரவேற்பு மேசைகளில் நான் பார்க்கும் கணினிகளில் மொத்தமே நான்கு ஜிபிதான் இருக்கும்.

திருத்தம் மூன்று வரி வேலை. எச்சரிக்கை டைமரைத் தொடங்குவதை வெளியே தனி ஃபங்ஷனாக எழுதி, அறைஎண்ணை மட்டும் அதற்கு அனுப்புங்கள். அங்கே பிறக்கும் பெட்டியில் அறைஎண் மட்டுமே இருக்கும். பொதுவாக நான் வைத்திருக்கும் வழக்கம்: நெடுநாள் வாழப்போகும் ஃபங்ஷனும் கனமான தரவும் ஒரே கூரைக்குக் கீழே பிறக்கக் கூடாது. அதே உள் ஃபங்ஷனுக்குள், எழுத்துச் சரத்தை நிரலாக ஓட்டும் 'ஈவால்' எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பெயர் தேவைப்படும் என்று எஞ்சினுக்கே தெரியாததால், எல்லா மாறியையும் காவல் காக்கும்.

படத்தைத் திரையில் காட்ட 'கிரியேட் ஆப்ஜெக்ட் யூஆர்எல்' பயன்படுத்தியிருந்தால், அது தனிக் கதை. அது கோப்புக்கு ஒரு தற்காலிக முகவரி தருகிறது. அந்த முகவரியை 'ரிவோக்' செய்து ரத்து செய்யும்வரை அல்லது பக்கம் மூடும்வரை கோப்பு பிடியிலேயே இருக்கும். எந்த மாறியும் அதைச் சுட்ட வேண்டியதில்லை. படம் ஏறி முடிந்ததும் ரிவோக் செய்துவிடுங்கள்.

மற்றப் பிடிகள்

டைமரைத் தொடங்கும் 'செட் இன்டர்வெல்' தரும் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் விட்டவர், அதை நிறுத்த வழியில்லாமல் நிற்பார். விருந்தினர் ஆப்ஜெக்ட்டிலேயே அந்த எண்ணை வையுங்கள். காலி செய்யும் ஃபங்ஷனில் முதல் வரியாக 'கிளியர் இன்டர்வெல்' வரட்டும்.

சொடுக்கு, விசை போன்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷன்களான நிகழ்வுக் காதுகளைப் (ஈவென்ட் லிசனர்) பற்றி மிகையான பயம் ஒன்று உண்டு. ஒரு பொத்தானின் மீது மாட்டிய காது, பொத்தானை வேறு யாரும் பிடிக்காவிட்டால், பொத்தானோடு போய்விடும். விண்டோ மீதும் டாக்குமென்ட் மீதும் மாட்டியவைதான் நிற்கும். படிவத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விசைப்பலகைக்காக விண்டோ மீது ஒரு காது மாட்டினால், மாலைக்குள் எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் நூறு ஃபங்ஷன் எழும். கழற்றும்போது, மாட்டிய அதே ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் புதிய ஃபங்ஷனைக் கொடுத்தால் எதுவும் கழலாது, பிழை என்றும் சொல்லாது. இப்போது நான் 'அபோர்ட் கன்ட்ரோலர்' ஒன்றைப் படிவத்துக்கு ஒன்றாக உருவாக்கி, அதன் சிக்னலை எல்லாக் காதுகளுக்கும் கொடுத்துவிடுகிறேன். படிவம் மூடும்போது ஒரே அழைப்பில் அத்தனையும் கழலும்.

திரையிலிருந்து நீக்கிய அட்டவணையின் ஒரே ஒரு கட்டத்தை ஏதோ ஓர் அரே பிடித்திருந்தாலும், முழு அட்டவணையும் நிற்கும். கட்டத்திலிருந்து அதன் தாய்க்கும், தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறதே.

விருந்தினர் ஆப்ஜெக்ட்டோடு கூடுதல் விவரம் சேர்த்துவைக்க 'மேப்' பயன்படுத்தினால், அந்த மேப் இருக்கும்வரை விருந்தினரும் இருப்பார். 'வீக்மேப்' அப்படிப் பிடிக்காது. விருந்தினரை மற்றவர்கள் கைவிட்டதும் விவரமும் போய்விடும். ஆனால் பாஸ்போர்ட் எண் போன்ற எழுத்துச் சரத்தை அதில் திறவுகோலாக வைக்க முடியாது, விருந்தினர் ஆப்ஜெக்ட்டையே வையுங்கள். 2021இல் வந்த 'வீக்ரெஃப்' (பொருளைப் பிடிக்காமல் சுட்டுவது), 'ஃபைனலைசேஷன் ரெஜிஸ்ட்ரி' (பொருள் போன பிறகு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது) இரண்டையும் பில் கணக்குக்குப் பக்கத்தில்கூட விடாதீர்கள். சேகரிப்பான் வரும் நேரத்தை நம்பிப் பில்லை முடிக்க நினைத்தால், விருந்தினர் ஹவுரா ரயிலில் ஏறிய பிறகுதான் பில் முடியும்.

தேடும் முறை

குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறங்கள். நீட்சிகள் எதுவும் இருக்கக் கூடாது, அவையும் நினைவகத்தில் தங்கள் பங்கைப் போடும். எஃப் பன்னிரண்டு, மெமரி தாவல். கன்சோலில் எழுதும் வரிகளை முதலில் நிறுத்துங்கள். அங்கே அச்சிட்ட ஆப்ஜெக்ட்டை, பிறகு நீங்கள் விரித்துப் பார்க்கக்கூடும் என்பதற்காகக் கருவியே பிடித்துவைக்கும். நோயைத் தேடப் போய் நீங்களே நோயை உண்டாக்குவீர்கள்.

ஓர் அறையில் ஒருவரைச் சேர்த்து, காலி செய்து, படிவத்தை மூடுங்கள். இந்த முதல் முறை கணக்கில் வராது. ஒருமுறை மட்டும் ஏறவேண்டியவை ஏறட்டும் என்பதற்காக. இப்போது முதல் ஹீப் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் நினைவகத்தில் இருக்கும் பொருள்களின் பட்டியல். பிறகு அதே அறையில் அதே செயலை ஏழு முறை செய்யுங்கள். பத்து முறை வேண்டாம். பத்து என்ற எண் எதேச்சையாகவும் பல இடங்களில் வரும், ஏழு வந்தால் அது உங்கள் ஏழு. இரண்டாவது ஸ்னாப்ஷாட். எடுப்பதற்கு முன் குரோமே சேகரிப்பானை ஓட்டிவிடுகிறது, ஆகவே அதில் மிஞ்சியிருப்பது உண்மையிலேயே யாரோ பிடித்திருப்பது.

பார்வையைக் கம்பாரிசனுக்கு மாற்றி, எத்தனை கூடியிருக்கிறது என்று காட்டும் டெல்டா நெடுவரிசையில் ஏழையும் பதினான்கையும் தேடுங்கள். கிளாஸ் பெயர்களைத் தமிழில் வைப்பதன் பயன் இங்கேதான். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே 'விருந்தினர்' என்ற வரி தானாகக் கண்ணில் படும். பெயரில்லாத அம்புக்குறி ஃபங்ஷன்களை மட்டும் எழுதித் தள்ளியவருக்கு இங்கே வெறும் அடைப்புக்குறிகள்தான் தெரியும். திரையிலிருந்து பிரிந்த பாகங்களைப் பார்க்க, மேலே இருக்கும் வடிகட்டியில் 'டிடாச்ட்' என்று தட்டுங்கள். கருவி ஆங்கிலத்தில்தான் பேசும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு விருந்தினரைத் தேர்ந்தெடுத்தால் கீழே ரிட்டெய்னர்ஸ் பகுதி திறக்கும். அவரை யார் பிடித்திருக்கிறார், அந்த ஆளை யார் பிடித்திருக்கிறார் என்று விண்டோவரை போகும் சங்கிலி அது. 'கான்டெக்ஸ்ட்' என்று எழுதியிருப்பது மேலே சொன்ன பெட்டி. அதற்கு அடுத்த படியில் எந்த ஃபங்ஷனின் பெயர் வருகிறது என்று பாருங்கள். அங்கேதான் வெட்ட வேண்டும். அளவைப் பார்க்கும்போது ஷேலோ நெடுவரிசையை விட்டுவிட்டு ரிட்டெயின்ட் நெடுவரிசையைப் பாருங்கள். முதலாவது அந்தப் பொருளின் எடை மட்டும். இரண்டாவது, அது போனால் கூடவே எவ்வளவு போகும் என்பது. டைமரின் ஃபங்ஷன் தன்னளவில் சில பைட்தான், அதன் நிழலில் 48 எம்பி.

சர்வர் பக்கம் நோடில் ஓடுகிறது என்றால், 'எக்ஸ்போஸ் ஜிசி' கொடியோடு தொடங்கினால் சேகரிப்பானை நீங்களே கூப்பிட்டு, 'மெமரி யூசேஜ்' தரும் ஹீப் அளவை முன்னும் பின்னும் ஒப்பிடலாம். சோதனைக்கு மட்டும்; வாடிக்கையாளரிடம் போகும் நிரலில் அந்தக் கொடி வேண்டாம்.

ஓரிடத்தில் வெட்டியதும் மறுபடி ஏழு முறை, மறுபடி ஸ்னாப்ஷாட். ஒரே பொருளை இரண்டு பேர் பிடித்திருப்பது சாதாரணம்; ஒரு சங்கிலியை அறுத்ததும் இன்னொன்று வெளியே தெரியும். டெல்டா பூஜ்யமாகும்வரை விடாதீர்கள். பிறகு பக்கத்தை உண்மையான வரவேற்பு மேசையில் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, பர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஹீப் அளவைப் பாருங்கள். கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், அது சேகரிப்பான் வந்து போகும் தடம். ஒவ்வொரு முறையும் இறங்கி நிற்கும் அடிமட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் வேலை முடிந்தது. அடிமட்டம் மெல்ல ஏறுகிறது என்றால், நீங்கள் சோதிக்காத செயல் ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது: அறை மாற்றுவது, முன்பணம் வாங்குவது, பில்லை மறுபடி அச்சடிப்பது. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏழு முறை செய்து பாருங்கள்.